ராமன் இந்தியில் பேசிய காலம்

செம்பூர் செடா நகர் முருகன் கோயில் பக்கம், மாலை ஆறரை மணிவாக்கில், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்கள் இருவர் தினமும் சந்திக்கிறார்கள். ஒருவர் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். மற்றவர் தாராவிக்காரர், பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. முப்பது வருடத்துக்கு மேல் ஒரே வங்கியில் குப்பை கொட்டியும் இன்னமும் ஒருவரையொருவர் 'சார்' என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். முழங்கால் வலி, பென்ஷன், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் என்று சுற்றிவிட்டு, பேச்சு கடைசியில் வந்து நிற்கும் இடம் டி.வி. இன்றைய டி.வி. அல்ல. தூர்தர்ஷன்.

"அதுதான் சார் டி.வி. இப்போ இருக்கிறது சந்தைக்கடை" என்பார் மாட்டுங்காக்காரர்.

தாராவிக்காரர் தலையை ஆட்டுவார். மறுத்துப் பேசுவதில்லை. ஆனால் அந்தத் தலையாட்டல் கொஞ்சம் தாமதமாக வரும்.

இந்த வியாதி பம்பாய்க்கு மட்டும் சொந்தமானதல்ல. மாட்டுங்காக்காரரின் மகன் லண்டனில் இருக்கிறான். அங்கே அவனுடைய அலுவலகத்தில் ஐம்பதைத் தாண்டிய வெள்ளைக்காரர்களும் இதே புலம்பல்தானாம். 1982 நவம்பரில் சேனல் 4 வரும்வரை பிரிட்டனில் மொத்தமே மூன்று சேனல்கள்தான். பிபிசியின் இரண்டு, ஐடிவி ஒன்று. 1977 கிறிஸ்துமஸ் இரவில் மோர்கம்ப், வைஸ் என்ற இரண்டு கோமாளிகளின் நிகழ்ச்சியை 2 கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். நாட்டில் பாதி இல்லாவிட்டாலும் மூன்றில் ஒரு பங்கு ஒரே நேரத்தில் சிரித்தது. 'சிவிலிசேஷன்' (1969), 'ஐ, கிளாடியஸ்' (1976), டேவிட் அட்டன்பரோவின் 'லைஃப் ஆன் எர்த்' (1979) என்று பட்டியல் போடுவார்கள். போடட்டும், நியாயமான பட்டியல்தான். ஆனால் வெள்ளைக்காரர்கள் முகத்தில் கருப்புச் சாயம் பூசிக்கொண்டு நீக்ரோக்களாக நடித்துப் பாடிய ஒரு நிகழ்ச்சியையும் அதே பிபிசிதான் 1958 முதல் 1978 வரை விடாமல் ஒளிபரப்பியது. அது எந்தப் பட்டியலிலும் வருவதில்லை.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. அந்நாளில் வீடியோ டேப் விலை அதிகம். பிபிசி பழைய நிகழ்ச்சிகளை அழித்துவிட்டு அதே டேப்பில் புதிதாகப் பதிவு செய்துகொண்டிருந்தது. புகழ்பெற்ற 'டாக்டர் ஹூ' தொடரிலேயே 1960களைச் சேர்ந்த தொண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகள் இன்று கிடையாது. அழிந்தவற்றில் நல்லதும் இருந்தது, குப்பையும் இருந்தது. மிஞ்சியதில் எது திரும்பத் திரும்பப் போடப்பட்டதோ அதுவே 'பொற்காலம்' ஆகிவிட்டது.

இந்தியர்களுக்கு இதில் ஒரு சொந்த இழப்பும் இருக்கிறது. 1983 ஜூன் 18 அன்று இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் வெல்ஸ் மைதானத்தில் ஜிம்பாப்வேக்கு எதிராகக் கபில்தேவ் ஆட்டமிழக்காமல் 175 ரன் எடுத்தார். அந்த ஆட்டத்தின் படச்சுருள் எங்கும் கிடையாது. இருந்தும் அதைக் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்யும் ஆட்கள் மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் இன்றும் இருக்கிறார்கள்.

பம்பாயில் டி.வி. தொடங்கியது 1972 அக்டோபர் 2. டெல்லிக்கு அடுத்து இந்தியாவில் டி.வி. வந்த நகரம் இதுதான். சென்னைக்கு வந்தது அதற்கு மூன்று வருடம் கழித்து, 1975 ஆகஸ்டில். ஆக, மாட்டுங்காவின் தமிழர்கள் மயிலாப்பூரில் இருந்த தங்கள் ஒன்றுவிட்ட தம்பி தங்கைகளை முந்திக்கொண்டுவிட்டார்கள். லீவுக்குச் சென்னை போனால் அந்தப் பெருமையைக் கொஞ்சம் அவிழ்த்துவிடுவதும் வழக்கம். என்ன, அந்தப் பெட்டி தமிழ் பேசவில்லை. மராத்தி பேசியது, இந்தி பேசியது, குஜராத்தி பேசியது, ஆங்கிலத்தில் செய்தி வாசித்தது. 'ஆம்சீ மாட்டி ஆம்சீ மாண்ஸ' என்ற மராத்தி விவசாய நிகழ்ச்சியை, ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத குடும்பங்கள் உரம் போடும் முறை உட்பட ஒரு வரி விடாமல் பார்த்தன. தபஸ்ஸும் நட்சத்திரங்களைப் பேட்டி கண்டு சிரித்தால் கூடவே சிரித்தன.

மாட்டுங்காக்காரர் வீட்டில் டி.வி. வந்தது 1975இல். மரக் கதவுகளை இழுத்து மூடும் பெட்டி. வருடா வருடம் லைசென்ஸ் கட்டணம் கட்ட வேண்டும். 1980களின் நடுவில்தான் அதை ஒழித்தார்கள். (பிரிட்டனில் இன்னும் கட்டுகிறார்கள்.) "ஞாயித்துக்கெழமை சாயங்காலம் இந்திப் படம்னா எங்காத்துல முப்பது பேர் இருப்பா சார். மாடி வீடு, கீழ் வீடு, வாட்ச்மேன், எல்லாரும். யாரையும் வராதேன்னு சொன்னதில்லே" என்பார்.

தாராவிக்காரரின் தலையாட்டல் தாமதமாவது இந்த இடத்தில்தான்.

அவருடைய அம்மா கல்யாணமாகி 1963இல் பம்பாய் வந்தவர். தொண்ணூறடி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் குடித்தனம். கணவருக்குத் தோல் பதனிடும் வேலை. அம்மா பூக் கட்டுவார். மாட்டுங்காவில் வாடிக்கை வீடுகள் உண்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன் ஈரத்துணியில் சுற்றிய மல்லிகைச் சரங்களை எடுத்துக்கொண்டு ரயில் பாதையைத் தாண்டி வந்து வீடு வீடாகக் கொடுத்துவிட்டுப் போவான். ஞாயிறு சாயங்காலம் மட்டும் கடைசி வீட்டுக்குக் கொஞ்சம் பிந்தித்தான் போவான். இரண்டாவது மாடி. அங்கே டி.வி. இருந்தது. கதவு திறந்திருக்கும். செருப்புகள் விடும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அந்த வீட்டு மாமி நல்ல மாதிரி; சில நாள் ஒரு முறுக்கும் கிடைக்கும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவனுக்கு வயது பன்னிரண்டு. படம் பாதிக்கு மேல் ஓடிவிட்டது. ஊரிலிருந்து விருந்தாளிகள் நாலைந்து பேர் பெட்டி படுக்கையுடன் வந்து சேர்ந்தார்கள். கூடம் நிறைந்துவிட்டது. "நாளைக்கு வாடா" என்று மாமி சொன்னார். குரலில் கோபமில்லை. கதவு சாத்தப்பட்டது. பையன் மாடிப்படியில் உட்கார்ந்து மீதிப் படத்தைக் காதால் கேட்டான். சண்டை நடந்தது, யாரோ அழுதார்கள், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். எதற்கு என்று தெரியவில்லை. அந்தப் படம் பிறகு வீடியோ கடையில் கிடைத்தது, இப்போது செல்போனிலேயே கிடைக்கிறது. அவர் பார்க்கவில்லை. இந்தக் கதையை நண்பரிடம் சொன்னதும் இல்லை. சொன்னால் அவர் வருத்தப்படுவார், அது தன் வீடு இல்லை என்று நிரூபிக்கத் தொடங்கிவிடுவார். வீண் சங்கடம்.

பொற்காலம் என்று யாராவது சொன்னால், அவர்கள் எங்கே உட்கார்ந்து பார்த்தார்கள் என்று விசாரிப்பது நல்லது.

தமிழ் அந்தப் பெட்டியில் வரவே இல்லை என்று சொல்வதற்கில்லை. வந்தது, முறை வைத்து. 1980களில் ஞாயிறு மதியம் ஒன்றரை மணிக்கு தேசிய ஒளிபரப்பில் மாநில மொழிப் படம் போடுவார்கள், ஆங்கில சப்டைட்டிலோடு. பெரும்பாலும் விருது வாங்கிய படங்கள். ஆங்கில அகரவரிசையில் அஸ்ஸாமி, பெங்காலி என்று தொடங்கித் தமிழின் முறை வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். எம்ஜிஆரையும் சிவாஜியையும் பார்க்க ஏங்கியவர்களுக்கு அந்த முறை வந்தாலும் பயனில்லை. சோகமாக, மெதுவாக நகரும் கலைப்படம்தான் வரும். அரோரா தியேட்டரில் தமிழ்ப் படம் பார்க்கக் காசு வேண்டும். எனவே கலைப்படமானாலும் தமிழ்தானே என்று சாப்பாட்டுத் தட்டோடு உட்காருவார்கள். 1989இல் தமிழின் முறைக்கு ஜான் ஆபிரகாமின் 'அக்ரஹாரத்தில் கழுதை' (1977) என்று அறிவித்தார்கள். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்ற படம். தமிழ்நாட்டில் எதிர்ப்புக் கிளம்பியதால் கடைசியில் ஒளிபரப்பு ரத்தானது. மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்த ஒரு முறையும் கழுதையோடு போயிற்று.

மற்றபடி தமிழ் சில வினாடிகள்தான். 1988 சுதந்திர தினத்தன்று முதலில் ஒளிபரப்பான 'மிலே சுர் மேரா தும்ஹாரா' பாட்டில் பாலமுரளிகிருஷ்ணா தமிழில் ஒரு வரி பாடுவார், கமல்ஹாசன் தலைகாட்டுவார். தாராவியில் அந்தப் பாட்டு எப்போது வந்தாலும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அந்தச் சில வினாடிகளுக்குக் காத்திருந்தவர்கள் உண்டு. 1984 ஜூலையில் தொடங்கிய 'ஹம் லோக்' தொடரில் ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் அசோக்குமார் வந்து பேசுவார். பிற்பாடு 'நாங்கள்' என்று பொருள்படும் அந்தத் தலைப்பை வெவ்வேறு இந்திய மொழிகளில் சொல்லி விடைபெறத் தொடங்கினார். அதற்கும் காத்திருந்தார்கள். அவர் செம்பூர்வாசி, 2001 டிசம்பரில் செம்பூர் வீட்டில்தான் காலமானார். நம்ம பேட்டைக்காரர் என்ற உரிமை வேறு.

'மால்குடி டேஸ்' இதில் தனி வேடிக்கை. சென்னையில் பிறந்த ஆர்.கே. நாராயண் எழுதிய தென்னிந்தியச் சிற்றூர். கர்நாடகத்தின் ஆகும்பேயில் ஷங்கர் நாக் படமாக்கினார். எல்.வைத்தியநாதன் இசை, படங்கள் வரைந்தது தம்பி ஆர்.கே. லக்ஷ்மண். எல்லாம் நம்மவர்கள். திண்ணை, குடுமி, வேட்டி, எல்லாம் நம்முடையது. வாயைத் திறந்தால் இந்தி. மாட்டுங்காவின் குழந்தைகளுக்கு இதில் ஒரு விநோதமும் தெரியவில்லை. அவர்களே தெருவில் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

தரம் என்று எடுத்துக்கொண்டால் மாட்டுங்காக்காரர் சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை. ரமேஷ் சிப்பி 'புனியாத்' எடுத்தார். ஷியாம் பெனகல், நேருவின் புத்தகத்தை வைத்து 53 பகுதிகளில் 'பாரத் ஏக் கோஜ்' எடுத்தார். கோவிந்த் நிஹலானி 'தமஸ்' எடுத்தார். 1988 ஜனவரியில் அது வந்தபோது வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றம் போயிற்று. நீதிபதிகள் லெண்டினும் சுஜாதா மனோகரும் தொடரை முழுக்கப் பார்த்துவிட்டு ஒளிபரப்பலாம் என்றார்கள். உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. சினிமாவில் கைதேர்ந்தவர்கள், கையில் ஒரு கதை, எதிர்த்து நிற்க வேறு சேனல் கிடையாது, அடுத்த வாரமே ரேட்டிங் கேட்டுக் கழுத்தைப் பிடிக்கவும் ஆளில்லை. அந்நாளைய பிபிசியின் நல்ல தொடர்களுக்குப் பின்னால் இருந்ததும் கிட்டத்தட்ட இதே வசதிதான்.

ஆனால் பிபிசியோடு ஒப்பிட்டால் செய்தியில் உதைக்கும். 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி சுடப்பட்டார். அவர் இறந்துவிட்டதை பிபிசி வானொலி சொல்லிவிட்டது. அரசு வானொலியும் தூர்தர்ஷனும் அதை உறுதி செய்ய மாலையாயிற்று. அந்தப் பகல் முழுவதும் தாராவியிலும் மாட்டுங்காவிலும் சிற்றலை ரேடியோ வைத்திருந்தவர் வீட்டில்தான் கூட்டம். மரக்கதவுப் பெட்டி மூடிக் கிடந்தது. பொற்காலப் பேச்சில் இந்தப் பகலும் வருவதில்லை.

தாராவிக்காரருக்கு 1986இல் வங்கி வேலை கிடைத்தது. முதல் வருடமே தவணையில் கருப்பு வெள்ளை டி.வி. வாங்கினார். பத்துக்குப் பன்னிரண்டு வீடு. பெட்டியைச் சந்தைப் பார்த்த மாதிரி வைத்தார். 1987 ஜனவரி 25 அன்று ராமானந்த் சாகரின் 'ராமாயண்' தொடங்கியதும் ஞாயிறு காலை ஒன்பதரைக்குச் சந்தே அந்த வாசலில் இருந்தது. பக்கத்துச் சந்தின் முஸ்லிம் தையற்காரர், எதிர்வீட்டுக் கிறிஸ்தவக் குடும்பம், குளித்துவிட்டு வந்து கற்பூரம் ஏற்றுகிற பாட்டிகள். 1988இல் 'மஹாபாரத்' வந்தபோதும் அதே கூட்டம். அதற்கு வசனம் எழுதியவர் ராஹி மாசூம் ரஸா என்று தெரிந்தபோது தையற்காரருக்கு ஒரு வாரம் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. (அந்தத் தொடரை 1990இல் பிபிசியே ஆங்கில சப்டைட்டிலோடு பிரிட்டனில் ஒளிபரப்பியது. சரக்கு எப்போதும் ஒரே திசையில் போவதில்லை.) மழைக்காலத்தில் சாக்கடைத் தண்ணீர் வாசல்வரை வரும், ஆட்கள் உள்ளே வந்து நிற்பார்கள், மூச்சு முட்டும். கதவை அவர் சாத்தியதில்லை.

அம்மாவும் பார்த்தார். ஆனால் பாதி சொற்கள் புரியாது. மகன் மொழிபெயர்த்துக்கொண்டே வருவான். பிறகு சலித்துப்போய் விட்டுவிடுவான். "முகத்தைப் பார்த்தாத் தெரியுதுல்லா, நீ சும்மா இரு" என்பார். இருபத்தைந்து வருடம் பம்பாயில் இருந்தும் அம்மாவின் இந்தி காய்கறிக்காரனைத் தாண்டவில்லை. இருந்தது தமிழ்ச் சந்து, பூ கொடுத்தது தமிழ் வீடுகள். எங்கே கற்றுக்கொள்வது?

1993 தமிழ்ப் புத்தாண்டு நாளில் சன் டிவி தொடங்கியது. கொஞ்ச காலத்தில் பம்பாயின் கேபிள்காரர்கள் அதைத் தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் இழுத்து வந்தார்கள். அம்மா அதன் முன்னால் உட்கார்ந்த முதல் நாள் மகனுக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. ஏதோ சாதாரணப் பேட்டி நிகழ்ச்சி. யாரோ யாரையோ என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா பதில் சொன்னார், டி.வி.யைப் பார்த்து. முப்பது வருடத்தில் முதல் தடவையாகப் பெட்டி தன்னோடு பேசியது என்று நினைத்தாரோ என்னவோ. மகன் உள்ளே போய்விட்டார்.

1999 கடைசியில் ராதிகாவின் 'சித்தி' வந்தது, பிறகு 'மெட்டி ஒலி'. இரவானால் பூக் கட்டும் கை நிற்காது, கண் டி.வி.யை விட்டு நகராது. தமிழ் சீரியலின் தரத்தைப் பற்றி மாட்டுங்காக்காரர் என்ன சொல்வார் என்று சொல்ல வேண்டியதில்லை. அழுகை, சதி, மறுபடி அழுகை. அவர் சொல்வது தப்பில்லை. 'தமஸ்' பக்கத்தில் 'சித்தி'யை வைக்க முடியாது. ஆனால் 'தமஸ்' ஓடியபோது அம்மா தூங்கிப்போனார்.

இன்னொன்றும் நடந்தது. வீட்டுக்கு வீடு டி.வி. வந்தது, வீட்டுக்கு வீடு ஒரு மொழி வந்தது. தையற்காரர் வீட்டில் உருது நிகழ்ச்சிகள், குஜராத்திக் குயவர்கள் வீட்டில் குஜராத்தி, மராத்தி வீட்டில் மராத்தி. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் கலவரத்தில் தாராவி எரிந்து, மனிதர்கள் ஒருவரையொருவர் பார்க்கவே தயங்கிய சமயத்தில்தான் இதுவும் நடந்தது. ஞாயிறு காலை வாசலில் கூட்டம் சேர்வது நின்றது. கலவரத்தால் நின்றதா, கேபிளால் நின்றதா என்று பிரித்துச் சொல்ல அவரால் முடியவில்லை. தையற்காரர் வீட்டைக் காலி செய்துகொண்டு மும்ப்ரா பக்கம் போய்விட்டார். போகும்போது சொல்லிக்கொண்டுதான் போனார்.

தாராவிக்காரரும் 2001இல் செம்பூருக்கு மாறினார். அம்மா கூடவே வந்தார்.

2020 மார்ச் 28. ஊரடங்கு. தூர்தர்ஷன் 'ராமாயண்' தொடரைக் காலையும் இரவும் மறுபடி ஒளிபரப்பத் தொடங்கியது. ஏப்ரல் 16 அன்று மட்டும் 7.7 கோடிப் பேர் பார்த்ததாக அறிவித்தது. தாராவியில் ஏப்ரல் 1 அன்று முதல் கொரோனா நோயாளி கண்டுபிடிக்கப்பட்டிருந்தார், சந்துகளை அடைத்துவிட்டார்கள். ராமன் திரும்பி வந்த நேரத்தில் யாரும் யார் வாசலுக்கும் போக முடியாது.

மாட்டுங்காக்காரர் போன் செய்தார். குரல் தழுதழுத்தது. "பாக்கறேளா சார்? என்ன ஒரு காலம் சார் அது!"

"பாத்துக்கிட்டுதான் சார் இருக்கேன்" என்றார் இவர். பார்த்துக்கொண்டுதான் இருந்தார். காகித அட்டைக் கிரீடமும் பளபளப்புச் சரிகையும் பெரிய திரையில் பரிதாபமாகத் தெரிந்தன. அம்புகள் குச்சி ஐஸ் மாதிரி நகர்ந்து வந்து மோதின. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. வாசல் கதவு மூடியிருந்தது, ஊரில் எல்லாக் கதவும் மூடியிருந்த மாதிரி. எழுந்து போய் அதை ஒரு தரம் திறந்து பார்த்துவிட்டு, போலீஸ் ஜீப் சத்தம் கேட்டு மறுபடி சாத்தினார்.

அம்மா சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். வயது எழுபத்தைந்தைத் தாண்டியிருந்தது. சிறிது நேரம் உற்றுப் பார்த்தார்.

"ஏல, ராமன் இன்னுமா தமிழ் படிக்கல?"

மகன் சிரித்துவிட்டார். அம்மா கையை நீட்டி ரிமோட்டை வாங்கினார். சன் டிவியிலும் படப்பிடிப்பு நின்றுபோய்ப் பழைய சீரியல்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன. 'மெட்டி ஒலி' மறுபடி வந்துகொண்டிருந்தது. ஐந்து பெண்களைப் பெற்ற அப்பா ஏதோ சொல்லிக் கலங்கினார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதுல்லா சீரியலு" என்றார். "இப்பம் எடுக்கானுவளே, அதெல்லாம் ஒரு சீரியலா?"